நூத்துக்கு சார்

எங்கள் ஊரில் அவருக்கு வைத்த பெயர் 'நூத்துக்கு சார்'. வேன் சத்தம் கேட்டதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் "நூத்துக்கு சார் வந்துட்டாரு" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடும். அவர் காதிலும் விழும். கோபப்பட்டதில்லை. அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் எங்கள் ஊரில் யாருக்கும் ஆள் பிடிபடாது.

இராமநாதபுரத்திலிருந்து வருவார். கடற்கரை ஊர்களில் இருந்த பஞ்சாயத்து ரேடியோக்களைப் பராமரிக்கிற இன்ஜினியர். சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. எங்கள் ஊருக்கு மின்சாரம் வரவில்லை. ரேடியோ பேட்டரியில்தான் ஓடும். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ரேடியோ பள்ளிக்கூடத்து அலமாரியில் இருந்ததால் அதைத் திறந்து மூடுகிற வேலையும் என்னுடையதாயிற்று. சாயங்காலம் பாட்டு, நெல்லுக்குப் போடுகிற உரம் பற்றிய பேச்சு, கடைசியில் வானிலை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் எங்கள் ஊரிலிருந்து தெரியாது. கடலுக்குப் போகிற ஆண்களுக்கு ரேடியோ என்றால் அந்தக் கடைசி ஐந்து நிமிஷம்தான். அதற்கு முன்னால் வருகிற பாட்டெல்லாம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்.

அவர் முதல்முறை வந்தபோது ரேடியோ நின்றுபோய்ப் பல நாள் ஆகியிருந்தது. பெட்டியைத் திறந்து, பல்பு மாதிரி இருந்த ஒரு வால்வை எடுத்துக் காதருகே வைத்து மெதுவாக ஆட்டிப் பார்த்தார். வேறொன்றைப் பொருத்தினார். பெட்டி பேசியது. ஊர்த் தலைவருக்குச் சந்தோஷம்.

"சார், இனிமே நின்னுறாதுல்ல?"

வேறு எந்த ஆபீசராக இருந்தாலும் 'கவலைப்படாதீங்க' என்று சொல்லிவிட்டு இளநீர் குடித்திருப்பார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இந்த வாடைக்காலம் முடியிற வரைக்கும் ஓடுறதுக்கு நூத்துக்கு எண்பது" என்றார்.

"அப்படின்னா?"

"இதே மாதிரி நூறு ஊர்ல நூறு பெட்டி வச்சா, எண்பது ஊர்ல ஓடும். இருபது ஊர்ல நின்னுரும்."

"நம்ம ஊரு எதுல சார்?"

"அது தெரியாது."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள்.

உத்தரகோசமங்கைப் பக்கம் விவசாயக் குடும்பம் அவருடையது. ஒல்லியான ஆள். காக்கி கால்சட்டைக்குக் கீழே ரப்பர் செருப்பு. மீன் சாப்பிட மாட்டார். எங்கள் ஊர் மாதிரி ஊர்களில் மீன் சாப்பிடாதவனுக்குச் சோறு போடுவது கஷ்டம். என் மாமியார் அவருக்கென்று தனிச் சட்டியில் பருப்பு வைப்பாள். அந்தச் சட்டியில் இதற்கு முன் மீன் ஆக்கவில்லையே என்று அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் மாமியார் பொய் சொல்லியிருப்பாள். அது அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

'வரும்', 'நடக்கும்', 'ஆகாது' என்கிற வார்த்தைகள் அவர் வாயில் வராது. பஸ் வருமா என்று கேட்டால், "பத்து நாள்ல ஏழு நாள் வருது" என்பார். ஒரு கல்யாண வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் மாப்பிள்ளை பெண்ணை நூறு வருஷம் வாழச் சொல்லி வாழ்த்தினார்கள். இவர் முறை வந்ததும் இரண்டு பேர் தலையிலும் கையை வைத்துவிட்டு வாய் திறக்காமல் இறங்கி வந்துவிட்டார். பெண்ணின் தகப்பனாருக்கு வருத்தம். நூறு வருஷம் என்று வாயால் சொல்ல அவருக்கு முடியவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பங்குச் சாமியார் கொஞ்சம் குறும்புக்காரர். ஒருநாள் அவரை மடக்கினார்.

"எல்லாத்துக்கும் நூத்துக்கு இத்தனைன்னு சொல்றீங்களே, கடவுள் இருக்கிறதுக்கு நூத்துக்கு எத்தனை?"

அவர் சிரிக்கவில்லை. "எண்ணிப் பாக்கிறதுக்கு ஒண்ணுக்கு மேல வேணும் சாமி" என்றார்.

சாமியார் அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அதைச் சொல்லிச் சிரித்தார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கு அவர் ஒருமுறை விளக்கியிருந்தார். "ஒரு வால்வு எப்ப அணையும்னு கேட்டா எனக்குத் தெரியாது டீச்சர். எவனுக்கும் தெரியாது. நூறு வால்வக் கொடுத்து ஒரு வருஷத்துல எத்தனை அணையும்னு கேளுங்க, கிட்டத்தட்டச் சொல்லிருவேன். ஒண்ணப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நூறைப் பத்தித்தான் தெரியும்."

போர் நடந்தபோது பட்டாளத்தில் ரேடியோப் பிரிவில் இருந்தவர். பர்மா எல்லைக் காட்டில் வேலை. கப்பலில் வந்து இறங்கிய பெட்டிகளைப் பிரிக்கும்போதே பாதி செத்துக் கிடக்கும் என்றார். யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், ஒரு தடவைகூடப் போட்டிருக்க மாட்டார்கள். "எல்லாம் புதுசு. எல்லாத்துலயும் 'பரிசோதிக்கப்பட்டது'ன்னு முத்திரை. ஆனா ஈரம் உள்ள போயிரும். முன்னால நிக்கிற பையன் ரேடியோவத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டே இருப்பான்." அதற்குமேல் பட்டாளத்தைப் பற்றி அவர் சொன்னதில்லை.

ஒருநாள் கரும்பலகையில் எனக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

"ஒரு வால்வு இந்தப் பருவம் முழுக்கத் தாக்குப்பிடிக்க நூத்துக்குத் தொண்ணூத்தாறு. நல்ல வால்வுதான?"

"நல்ல வால்வுதான் சார்."

"நம்ம பெட்டியில அஞ்சு இருக்கு. அஞ்சும் அதே மாதிரி நல்ல வால்வு. ஒண்ணு போனாலும் பெட்டி பேசாது. அப்ப பெட்டி தாக்குப்பிடிக்க எத்தனை?"

"தொண்ணூத்தாறுதான சார்?"

அவர் பெருக்கினார். தொண்ணூற்றாறில் தொண்ணூற்றாறு பங்கு, அதில் மறுபடி தொண்ணூற்றாறு பங்கு என்று ஐந்து தடவை. எண்பத்திரண்டுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. "கம்பி, கண்டென்சர், பேட்டரி எல்லாத்தையும் சேத்துக்கிட்டா எண்பது. தனித்தனியாப் பாத்தா எல்லாம் நல்ல சாமான். சேத்துப் பாத்தா சுமார் பெட்டி." சுண்ணாம்புக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "இதே மாதிரி இன்னொரு பெட்டி பக்கத்துல வையுங்க. அது நிக்கிறதுக்கு அஞ்சுல ஒண்ணு. ரெண்டும் சேந்து நிக்கிறதுக்கு அஞ்சுல ஒண்ணுல அஞ்சுல ஒண்ணு. நூத்துக்கு நாலு. ரெண்டு சுமார் பெட்டி சேந்தா ஒரு ரொம்ப நல்ல பெட்டி."

அதைச் சொல்லும்போது முகம் தெளிந்திருந்தது. அவர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதிலிருந்து கடலோர ஊருக்கெல்லாம் இரண்டு ரேடியோ வேண்டும் என்று இலாகாவில் கேட்க ஆரம்பித்தார். இலாகா சிரித்தது. எங்கள் ஊரும் சிரித்தது. ஊர்க்கூட்டத்தில் தலைவர் சொன்னார், "ஒரு ரேடியோவுக்கே பேட்டரி மாத்த வழியக் காணோம். ஒரு வீட்டுக்கு ரெண்டு மருமகளா சார்?"

எழுந்து பேசியது என் வீட்டுக்காரர். மிக்கேல் என்று பெயர். அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

"வள்ளத்துல போறப்ப ரெண்டு நங்கூரம் எடுத்துட்டுத்தான போறோம்? ஒண்ணு அறுந்துட்டா என்ன செய்ய? அவரு அதத்தான சொல்றாரு."

கூட்டம் அடங்கியது. கடல்காரனுக்குக் கடல்காரன் சொன்னால்தான் ஏறும். பஞ்சாயத்திலிருந்து பாதிப் பங்கு தருவதாக முடிவாயிற்று. அன்றிலிருந்து அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு பழக்கம். பனங்காய் வெட்டுகிற காலத்தில் வேன் வந்தால் என் வீட்டுக்காரர் நுங்கு கொண்டுவந்து கொடுப்பார். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்து வேப்பமரத்துக்கடியில் உட்கார்ந்து, எதுவும் பேசாமல் சாப்பிடுவார்கள்.

இரண்டாவது பெட்டி வர அதிக நாள் ஆயிற்று. வந்தபோது அவரே தூக்கிக்கொண்டு இறங்கினார். அதே கம்பெனி, அதே நிறம். தனிப் பேட்டரி, தனி ஏரியல் கம்பி. முதல் பெட்டி இருந்த அதே அலமாரியில், அதற்கு மேல் தட்டில் வைத்தோம். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. இரண்டு வாடைக்காலம் நன்றாகப் போயிற்று. ஒரு பெட்டி மக்கர் செய்தால் மற்றதைப் போடுவேன். அவர் சொன்னபடியே நடந்தது. வயதானவர்கள் முன்பெல்லாம் சாயங்காலம் கரைக்குப் போய் மேகத்தைப் பார்த்துவிட்டு வருவார்கள். அது குறைந்துபோயிற்று.

மூன்றாவது வாடைக்காலத்தில் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துச் சுவர்களில் ஈரம் ஏறியது. சாக்பீஸ் நமுத்துப்போய் எழுதாது. கீழ்த்தட்டுப் பெட்டி ஒருநாள் கரகரத்துவிட்டு நின்றது. நான் அவருக்குக் கார்டு போட்டேன். மேல்தட்டுப் பெட்டி பேசிக்கொண்டிருந்தது. அவர் வரவில்லை. அடுத்து ஒரு சாயங்காலம், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, அதுவும் கரகரத்து நின்றது.

பேட்டரிக் கம்பியைக் கழற்றி மாட்டினேன். அவர் சொல்லிக்கொடுத்த மாதிரி ஒவ்வொரு வால்வையும் அழுத்திப் பார்த்தேன். ஆண்கள் வாசலில் நின்றார்கள். என் வீட்டுக்காரர் உள்ளே வந்து பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரெண்டுமா போச்சு?"

"ரெண்டும்தான்."

வெளியே போய் வானத்தைப் பார்த்தார். அன்றைக்கு மழை விட்டிருந்தது. மேகம் கலைந்து நட்சத்திரம் தெரிந்தது. பல நாளாகக் கடலுக்குப் போகாமல் எல்லோர் வீட்டிலும் பானை காலியாக இருந்தது. வயதானவர்களில் ஒருவர் காற்று சரியில்லை என்றார். இன்னொருவர் சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

"நாளைக்கு ஒரு நாள்தான" என்றார் என் வீட்டுக்காரர்.

விடிவதற்கு முன்னால் போனார்கள். மத்தியானத்துக்குமேல் காற்று வந்தது.

அதைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. பள்ளிக்கூடத்துக் கூரை போயிற்று. அலமாரி அப்படியே நின்றது. சில வள்ளங்கள் அன்றைக்கே திரும்பின. சில, தொண்டிக்கு வடக்கே எங்கெங்கோ கரையேறி, ஆட்கள் நடந்து வந்தார்கள். எங்கள் வீட்டு வள்ளம் வரவில்லை. இன்னும் இரண்டு வீட்டு வள்ளங்களும் வரவில்லை. பெண்கள் கரையில் உட்கார்ந்து அழுதார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. என் காலடியில் ஒரு நண்டு வளை தோண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதை திறந்ததும் வேன் வந்தது. அவரோடு இலாகாவின் பெரிய ஆபீசர் ஒருவரும் வந்திருந்தார். இன்ஜினியர் நேராக அலமாரிக்குப் போனார். இரண்டு பெட்டிகளையும் கோயில் முற்றத்துக்குத் தூக்கிவந்து, வெயிலில் பாயை விரித்து, அதன்மேல் வைத்துத் திறந்தார். ஊர்க்காரர்கள் சுற்றி நின்றார்கள். பெரிய ஆபீசர் என்னிடம் கேட்டார்.

"டீச்சர், பெட்டிய ராத்திரியில மூடி வச்சீங்களா? பிள்ளைங்க யாரும் கைய வச்சாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் குனிந்தபடியே சொன்னார், "அவங்க மேல ஒண்ணுமில்ல சார்."

பெட்டியின் உள்ளேயிருந்து கண்டென்சர்களை வெட்டி எடுத்தார். சுருட்டு மாதிரி சின்னச் சின்ன உருளைகள். கீழ்த்தட்டுப் பெட்டியில் எடுத்ததை ஒரு பக்கம் வைத்தார். மேல்தட்டுப் பெட்டியில் எடுத்ததை இன்னொரு பக்கம் வைத்தார். இரண்டு பக்கமும் முனையில் பச்சையாகப் பூத்திருந்தது. ஈரம் புகாமல் மேலே பூசியிருந்த மெழுகு விரிசல் விட்டிருந்தது. அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நின்றார்.

"ரெண்டுக்கும் ஒரே வியாதி" என்றார். "என் கணக்கு தப்பு."

பாயில் கிடந்த உருளைகளைக் கையால் காட்டினார்.

"ரெண்டும் சேந்து நிக்கிறதுக்கு நூத்துக்கு நாலுன்னு சொன்னேன். நான் பெருக்கினேன். பெருக்கியிருக்கக் கூடாது. ஒண்ணு போறதுக்கும் மத்தது போறதுக்கும் சம்பந்தம் இல்லேன்னாத்தான் பெருக்கலாம். நான் ஒரே கம்பெனி சாமான வாங்கி, ஒரே அலமாரியில வச்சு, ஒரே உப்புக்காத்துல விட்டேன். முதப் பெட்டியக் கொன்ன ஈரம் அன்னைக்கே ரெண்டாவது பெட்டிக்குள்ளயும் இருந்திருக்கு. இது ரெண்டு பெட்டி இல்ல. ஒரே பெட்டி. நான் ரெண்டா எண்ணிட்டேன்."

பெரிய ஆபீசர் அவர் தோளைத் தொட்டார். "இதெல்லாம் இங்க எதுக்கு? வாங்க" என்று மெதுவாகச் சொன்னார். அவர் நகரவில்லை.

வள்ளம் போன வீட்டுப் பெரியவர் ஒருவர், "கடலு கொண்டு போச்சு. நீங்க என்ன சார் செய்வீங்க?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"கடல் வேற, பெட்டி வேற அய்யா. பெட்டி என் பொறுப்பு."

அவரைத் திட்டவும் யாருக்கும் தெம்பில்லை. கூட்டம் கலைந்துபோயிற்று. அவர் பாயில் உட்கார்ந்து பெட்டிகளை மறுபடி மூடினார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

சொன்னது டிரைவர். வேன் பக்கத்தில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் அதைக் கீழே போட்டார்.

"டீச்சர், ஒங்க கார்டு வந்த அன்னைக்கே தொண்டிப் பக்கம் ஒரு ஊர்லேருந்தும் வந்துச்சு. அங்கன ஒரே பெட்டிதான். அதுவும் செத்துப்போச்சு. இங்கன வரணும்னுதான் வண்டிய எடுத்தோம். சார்தான், 'அங்க ஒண்ணுமே இல்ல, இங்க ஒண்ணு ஓடுது, முதல்ல அங்க போவோம்'னாரு. அங்கன போய்ச் சரிபண்ணிட்டு வாரதுக்குள்ள மழையில பாதை போச்சு."

"அந்த ஊர்ல?"

"அன்னைக்குச் சாயங்காலம் அவுகளுக்கு வானிலை கேட்டுருச்சு. ஒரு வள்ளமும் எறங்கல."

"நல்லது" என்றேன்.

அது நல்லதுதான். இன்றைக்கும் எனக்கு அதில் சந்தேகம் இல்லை. அந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. யாரோ ஒரு டீச்சர் அங்கேயும் ரேடியோவைத் திறந்து மூடிக்கொண்டிருந்திருப்பாள். அவர் இதைத் தனக்குச் சாதகமாக யாரிடமும் சொன்னதில்லை. பெரிய ஆபீசரிடமும் சொல்லவில்லை என்று டிரைவர் சொன்னார். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டதும் இல்லை.

அதற்குப் பிறகும் அவர் வந்தார். முன்னைவிட அடிக்கடி வந்தார். கீழ்த்தட்டுப் பெட்டியை எடுத்துவிட்டு வேறு கம்பெனிப் பெட்டி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார். அதைப் பள்ளிக்கூடத்தில் வைக்கவில்லை. ஊரின் அந்தக் கோடியில் கோயில் மேடையை ஒட்டிய அறையில் வைத்து, சாவியை, கோயிலைத் திறந்து மூடுகிற கோயில் பிள்ளையிடம் கொடுத்தார். பள்ளிக்கூடத்துப் பெட்டிக்குள் புது மெழுகு ஊற்றினார். நூற்றுக்கு இத்தனை என்று சொல்வதை அவர் விடவில்லை. ஆனால் சொல்வதற்கு முன்னால் நிறையக் கேட்டார். இது எங்கே செய்தது, யார் செய்தது, எந்தச் சுவரில் ஈரம் வருகிறது, எந்தப் பக்கக் காற்று. கேட்டுக் கேட்டுக் கடைசியில் எண்ணைச் சொல்லாமலே எழுந்துபோன நாட்களும் உண்டு. பிள்ளைகள் வாசலுக்கு ஓடுவதை நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

பிறகு அவருக்கு உள்நாட்டுப் பக்கம் மாற்றலாகிவிட்டது. கேட்டு வாங்கிக்கொண்டாரா, தூக்கி அடித்தார்களா என்று தெரியாது. இப்போது இருக்கிறாரா என்பதும் தெரியாது. மாற்றலாவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் உடல் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அது புதிதில்லை. காற்றில் அடித்துக்கொண்டு போன வள்ளம் சிலோன் கரையில் ஏறியதும் உண்டு. எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரன் ஒருவன் பல மாசம் கழித்து, மன்னார்ப் பக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறான். அந்தக் கதையை எல்லோரும் என் மாமியாரிடம் வந்து சொன்னார்கள். வருகிறவர்கள் எல்லாம் "வருவான் ஆத்தா" என்றார்கள். சாமியாரும் "நம்பிக்கையை விடாதீங்க" என்றார். மற்ற இரண்டு வீட்டிலும் செத்தவர்களுக்குப் பூசை வைத்தார்கள். என் மாமியார் சம்மதிக்கவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு யாராவது அந்தப் பூசை வைப்பார்களா என்றாள்.

அதனால் நான் தாலியோடு இருந்தேன். கலர் சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். ஊர்ப் பெண்களுக்கு என்னிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. காலையில் எழுவேன். சோறு வடிப்பேன். வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பேன். சாயங்காலம் ரேடியோவைத் திறப்பேன். வானிலை முடிந்ததும் மூடுவேன். என் மாமியார் பகலெல்லாம் கரையில் இருப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால், வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம் என்பாள். ஆள் பாதியாகிவிட்டாள். வருவார் என்று நான் நினைத்தேனா, மாட்டார் என்று நினைத்தேனா என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. மனசில் அந்த இடம் மரத்துப்போயிருந்தது.

அடுத்த வாடைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் அவர் பெட்டியைப் பார்க்க வந்தார். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து கம்பிகளுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். என் மாமியார் வாசலில் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்துக்குள் அதற்கு முன் அவள் வந்ததேயில்லை.

"சார்."

"வாங்க ஆத்தா" என்று எழுந்தார்.

"ஒங்கள்ட்ட ஒண்ணு கேக்கணும். எல்லாரும் வருவான் வருவான்னு சொல்றாக. நீங்க மட்டும் இதுநாள் வரைக்கும் ஒண்ணும் சொல்லல. நீங்க கணக்கு பாத்துச் சொல்ற ஆளு." குரல் நடுங்கவில்லை. சந்தையில் விலை கேட்கிற மாதிரி கேட்டாள். "எம் மகன் வாரதுக்கு நூத்துக்கு எத்தனை?"

அவர் கையிலிருந்த சூட்டுக்கோலைத் தட்டில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தார். ஈயம் ஆறுகிற வாசனை வந்தது. அவர் சொல்லப்போவது என்ன என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஒருத்தரைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பார். அல்லது ஏதாவது ஒரு சின்ன எண்ணைச் சொல்வார். என் மாமியார் அதை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுவாள், அதை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனையோ காலம் கரையில் உட்கார்ந்திருப்பாள்.

"வரமாட்டாப்ல ஆத்தா" என்றார்.

என் மாமியார் நின்றாள்.

"மிக்கேல் செத்துப்போயிட்டாப்ல. இனிமே வரமாட்டாப்ல."

வெளியே பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது. என் மாமியார் தலையை மெல்ல ஆட்டினாள். ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை.

"இத ஒருத்தராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலிறங்கிப் போனாள். கரைப் பக்கம் போகவில்லை. வீட்டுப் பக்கம் போனாள். நான் பின்னால் போனபோது அடுப்படியில் உட்கார்ந்து, சட்டியில் இருந்த பழைய சோற்றைக் கையால் எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கு வேன் பழுது. அவர் பஸ்ஸில் வந்திருந்தார். சாயங்காலம் ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். நான் அவர் மறந்துவிட்டுப் போன குடையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் நின்றோம். காற்று இல்லை. பனைமரங்கள் அசையாமல் நின்றன.

"டீச்சர்" என்றார். "உள்ள ஆத்தாகிட்ட நான் சொன்னது..."

அவர் முகத்தைப் பார்த்தேன். அவரிடம் ஒரு எண் இருந்தது. ஆயிரத்தில் ஒன்றோ, பத்தாயிரத்தில் ஒன்றோ, எனக்குத் தெரியாது. அதை மறைத்து வைத்துக்கொண்டு பஸ் ஏறிப்போவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது தெரிந்தது. ஒரு சொல் கேட்டால் போதும். கொடுத்துவிடுவார்.

"வேணாம் சார்" என்றேன்.

அவர் தலையாட்டினார். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டே போனார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

அந்த வாரமே பூசை வைத்தோம். சாமியார் என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னபோது என் மாமியார் வாய்விட்டு அழுதாள். ஊர்ப் பெண்கள் வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பக்கத்தில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தேன். அவள் கை தரையில் எதையோ தேடுகிற மாதிரி துழாவியது. நான் அதை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். சுட்டது. காய்ச்சல் கண்டவள் கை மாதிரி அப்படிச் சுட்டது. விடாமல் பிடித்துக்கொண்டேன்.